ஒரு பத்து சொல்லி முடிக்கும்வரை

கொடைக்கானலில் ஃபெமினாவிடம் ரத்தம் கொடுத்தவர்கள் யாரும் ஊசி வலித்தது என்று சொன்னதில்லை. அந்தக் குளிரில் நரம்பெல்லாம் தோலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அவள் வெந்நீர்ப் பையை முழங்கை மடிப்பில் வைத்து, எந்த ஊர், கேரட் என்ன விலை போகிறது என்று இரண்டு பேச்சுப் பேசுவதற்குள் குழாய் நிறைந்திருக்கும். தொல்லையெல்லாம் அதற்குப் பிறகுதான். பஞ்சை வைத்து, "அமுக்கிப் பிடிங்க. ஒரு பத்து சொல்லி முடிக்கிற வரைக்கும் வெரலை எடுக்கக் கூடாது" என்பாள்.

ஒரு பத்து என்றால் ஜெபமாலையில் ஒரு பத்து. பத்து மங்கள வார்த்தை ஜெபம், ஒன்றையும் விழுங்காமல், நிறுத்தி நிதானமாகச் சொல்லவேண்டும். ஜெபமாலைக்காரர்கள் இல்லையென்றால் முருகன் பெயரைச் சொல்லலாம், அல்லா பெயரைச் சொல்லலாம், சாமியே வேண்டாம் என்பவர்கள் பேரக்குழந்தைகளின் பெயரைச் சொல்லலாம். சொல்லாமல் எழுந்தால் மட்டும் விடமாட்டாள். அதே பரிசோதனை நிலையத்தில் அவளோடு வேலை பார்க்கும் பையன் ஜெபக்குமாரிடம் ரத்தம் கொடுத்தவர்கள் பஞ்சை வைத்த கையோடு சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். ஃபெமினாவிடம் மாட்டியவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார்கள். இதனால் பஜார் முழுக்க அவளுக்கு ஜெபமாலை அக்கா என்று பெயர்.

அது பக்தியில் வந்த பழக்கம் இல்லை. தொழில் பழகிய காலத்தில் அடுத்தவர் கையைக் குத்திப் பாழாக்க மனமில்லாமல் தன் கையிலேயே குத்திப் பழகியவள் அவள். ஊசியை எடுத்த பிறகு அவள் கையில் ரத்தம் நிற்பதற்கு ஒரு பத்து ஆனது. குளிர் ஊர், ரத்தமும் இங்கே சோம்பலாகத்தான் உறையும் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்து, ஊருக்கே அந்த அளவை வைத்துவிட்டாள். மாதாமாதம் அவள் படும் பாட்டையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். பொம்பளைப் பிறப்பு என்றால் எல்லாருக்கும் இப்படித்தானே என்று நினைத்தாள். கேட்டுப் பார்க்க வீட்டில் அம்மா இல்லை.

அம்மா கித்தேரியம்மாள் இறந்தபோது ஃபெமினா ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவர்கள் பண்ணைக்காட்டில் இருந்தார்கள். அப்பா ஆரோக்கியதாஸுக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை. இரண்டாவது பெண் லீலா பிறந்தாள். குழந்தை நல்லபடியாக அழுதது. தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. கீழே வத்தலக்குண்டுக்குக் கொண்டுபோக ஜீப் வந்தது, அம்மாவைத் தூக்கி ஏற்றினார்கள், அந்த நேரம் பார்த்து மேகம் இறங்கியது. ஜீப்பின் விளக்கு வெளிச்சம் அதன் மூக்கைத் தாண்டிப் போகவில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். கொஞ்சம் விலகட்டும் என்று டிரைவர் நிறுத்தினார். மேகம் விலகியபோது ஏற்றியவளை இறக்கவேண்டியதாகிவிட்டது.

ஆரோக்கியதாஸ் பண்ணைக்காட்டை விட்டு அட்டுவம்பட்டிக்கு வந்து, ஒரு மிஷன் பள்ளியில் தோட்டக்காரராகச் சேர்ந்தார். மேகம் அங்கேயும் வந்தது. கொடைக்கானலுக்குப் பிழைக்க வந்துவிட்டு மேகத்தோடு சண்டை போட்ட மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். சாயங்காலம் ஏரிப் பக்கமிருந்து வெள்ளையாக ஏறி வருவதைப் பார்த்ததும், "வந்துட்டியா, எம் பொண்டாட்டியத் தின்னது பத்தலையா?" என்று சத்தம் போட்டுக்கொண்டே ஜன்னல்களைச் சாத்துவார். காசு கொடுத்து அதைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் மீதும் அவருக்குக் கோபம்தான்.

லீலாவை வளர்த்தவள் ஃபெமினா. பாட்டில் பால் கொடுத்தது, தலைக்குப் பேன் பார்த்தது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனது எல்லாம் அவள்தான். அவளுக்கு வந்த வரன்களெல்லாம் தங்கச்சியை என்ன செய்வாய் என்று கேட்ட வரன்கள். கடைசியில் வரன் வருவது நின்றது, அவளும் அதற்காக அழவில்லை. லீலாவைப் பண்ணைக்காட்டிலேயே மிளகும் வாழையும் போடும் தங்கமுத்துவுக்குக் கட்டிக்கொடுத்தாள். கட்டிக்கொடுத்த அன்று மட்டும் அழுதாள், அதுவும் அடுப்படியில்.

இப்போது லீலா தலைப்பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழு மாதம். தை மாதக் குளிர். வந்த நாளிலிருந்தே அவளைப் பார்த்துவந்த டாக்டர் சௌம்யாவின் முகம் சரியில்லை. முதல் விஷயம், நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயருகே கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. அப்படி இருந்தால் பிரசவத்தில் ரத்தப்போக்கு கூடும். படுத்தே இருக்கவேண்டும், மலைப்பாதையில் ஆட்டி அலைக்கழிக்கக் கூடாது. இரண்டாவது விஷயம் லீலாவின் உடம்பு. கட்டிலில் லேசாக இடித்தால்கூடத் தொடையில் நாவற்பழம் நசுங்கியதுபோல் நீலம் பாய்ந்தது. பல் விளக்கினால் வாய் கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக விழுந்தது.

டாக்டர் சௌம்யா ஃபெமினாவைத் தனியாகக் கூப்பிட்டார். "பிளேட்லெட் கவுன்ட் நார்மலாத்தான் இருக்கு, ஃபெமினா. எண்ணிக்கைல கொறையில்ல. ஆனா இருக்கறது வேலை செய்யுதான்னு தெரியணும். ஃபங்ஷன் டெஸ்ட் பண்ணணும். அது மதுரைலதான் இருக்கு."

"அவ மலை எறங்கக் கூடாதுன்னு சொன்னீங்களே டாக்டர்."

"அவ வேணாம். ரத்தத்தை மட்டும் அனுப்பலாம். கஷ்டம்தான், ஆனா முடியும். அப்புறம், அவளுக்கு பி நெகட்டிவ். ரத்தமோ பிளேட்லெட்டோ தேவைப்பட்டா உடனே ஆள் வேணுமே."

ஃபெமினாவுக்குச் சிரிப்பு வந்தது. "நான் இருக்கேனே டாக்டர். எனக்கும் பி நெகட்டிவ்தான். எனக்கு என்ன கேடு, பாறை மாதிரி இருக்கேன்."

அந்தப் பேச்சைத்தான் அவள் வீட்டிலும் சொன்னாள். லீலா பயந்த நேரத்திலெல்லாம் அதையே சொன்னாள். பிளேட்லெட் என்கிற இந்தத் தட்டணுக்கள் ரத்தத்தில் என்ன செய்கின்றன என்று அவள் கேட்டதற்கு, "வாய்க்கா ஒடைஞ்சா ஆளுக ஓடி வந்து கையக் கோத்து நின்னு அடைக்கிறாங்கள்ல, அது மாதிரிடி. ஒனக்கு ஆளு நெறைய இருக்கு. கையக் கோக்குறாங்களான்னுதான் பாக்கப் போறோம். கோக்கலன்னா என் ஆளுகள அனுப்பி வைக்கிறேன்" என்றாள்.

லீலா அவள் மடியில் தலை வைத்தாள். "நீ இருக்கேல்ல, எனக்கென்னக்கா" என்றாள்.

அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது மற்றதைப் போல இல்லை. பத்து நாளுக்கு எந்த வலி மாத்திரையும் போட்டிருக்கக் கூடாது. காலையில் காப்பி கூடாது. கையில் போடும் கட்டை இறுக்கிக் கட்டக் கூடாது, கட்டினாலும் ஊசி உள்ளே போனதும் தளர்த்திவிடவேண்டும். முதலில் வரும் கொஞ்ச ரத்தத்தைத் தள்ளிவிட்டு, பிறகு வருவதை நீல மூடி போட்ட குழாயில் கோடு வரைக்கும் பிடிக்கவேண்டும். குழாயைக் குலுக்கக் கூடாது. தூங்கும் பிள்ளையைப் புரட்டுகிற மாதிரி மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தவேண்டும். நாலு மணி நேரத்துக்குள் மதுரையில் இயந்திரத்தில் ஏறவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐஸ் கூடவே கூடாது. குளிர் பட்டால் தட்டணுக்கள் தானாகவே மிரண்டு சுருண்டு, பிறகு எதற்கும் உதவாமல் போய்விடும். ரூம் டெம்பரேச்சரில் கொண்டுவாருங்கள் என்று மதுரைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

"யாரு ரூமாம்க்கா? அவங்க ரூமா, நம்ம ரூமா?" என்று கேட்டான் ஜெபக்குமார். கேள்வி நியாயமானதுதான். கொடைக்கானலில் தை மாதத்தில் அறைக்கும் ஐஸ் பெட்டிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. நோயாளியின் ரத்தத்தோடு, நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் அதே நேரத்தில் அதே மாதிரி எடுத்துக் கூடவே அனுப்பவேண்டும். வழியில் ஏதாவது கெட்டிருந்தால் இந்த நல்ல ரத்தமும் கெட்டிருக்கும். அதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர்.

ஜெபக்குமார் சட்டைக் கையைச் சுருட்டினான். "எங்கிட்ட எடுக்கா."

"ஏலே, விடிஞ்சதுல இருந்து காப்பியாக் குடிச்சிட்டுத் திரியுற. ஒன் ரத்தத்த அனுப்புனா மதுரைல பாலை ஊத்திக் குடிச்சிருவாங்க. போயி உன் சோலியப் பாரு."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஃபெமினா தன் கையை நீட்டிக்கொண்டாள். தங்கச்சிக்கு வாய்க்கிற எதையும் முதலில் தான் ருசி பார்த்துத் தருகிற பழக்கம் அவளுக்கு. இதிலும் தன்னைவிட நல்ல கன்ட்ரோல் இந்த ஊரில் யார் இருக்கப்போகிறார்கள் என்று அவள் யோசிக்கக்கூட இல்லை. படுத்திருந்த லீலாவிடம் எடுத்துவந்த குழாய்களையும் தன்னுடையவற்றையும் துண்டில் சுற்றி ஒரு டப்பாவில் வைத்து, டாக்சி ஓட்டும் கோகுல்ராஜிடம் கொடுத்தாள். வெரசாப் போ, ஆனால் குலுக்காமல் போ என்று ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு புத்தி சொல்லி அனுப்பினாள்.

பெருமாள்மலை தாண்டி ரோட்டில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. மேகமும் இறங்கிவிட்டது. கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியாமல் கோகுல்ராஜ் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றான். மரத்தை வெட்டி எடுத்து, வண்டி மதுரை போய்ச் சேர்ந்தபோது கெடு முடியச் சற்று நேரம்தான் பாக்கி. அன்று மாலை பரிசோதனைக்கூடத்து டாக்டர் சண்முகப்பிரியா ஃபோன் செய்தார்.

"ரிப்போர்ட் கொடுக்க முடியலம்மா. பேஷன்ட் சாம்பிள் சரியா வரல. ஆனா கன்ட்ரோலும் அதே மாதிரிதான் வந்திருக்கு. வழியில குளிர் பட்டிருக்கும்னு நினைக்கிறேன். திரும்ப எடுத்து அனுப்புங்க."

ஃபெமினாவுக்கு மனசு லேசாகிவிட்டது. சரியாக வரவில்லை என்ற சொல்லைக் கேட்டதும் பகீர் என்றது உண்மை. கன்ட்ரோலும் அப்படித்தான் என்று கேட்டதும் உயிர் திரும்பி வந்தது. தன் ரத்தமே கெட்டிருக்கிறது என்றால் அது வழியில் கெட்டதுதான், லீலாவிடம் குறை இல்லை. சந்தோஷத்தில் கோகுல்ராஜைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஜன்னலைத் திறந்து வைத்தாயா, டப்பாவை முன்னால் வைத்தாயா, உனக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது என்று பஜார் நடுவில் வைத்துக் கேட்டாள். பாவம், அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

வீட்டில் ஆரோக்கியதாஸ் ஜன்னலைச் சாத்தினார். "நாந்தான் சொன்னேன்ல, அந்தச் சனியனுக்கு நம்ம வீடுதான் கண்ணு" என்றார்.

அடுத்த முறை ஃபெமினா தானே கொண்டுபோவது என்று முடிவு செய்தாள். கருக்கலிலேயே எழுந்து லீலாவிடம் ரத்தம் எடுத்தாள். தன் கையில் ஜெபக்குமாரை எடுக்கச் சொன்னாள். அவன் எடுத்து முடித்துப் பஞ்சை வைத்தான். பிறகு தயங்கித் தயங்கி, "என்னோடதும் ஒண்ணு கொண்டு போக்கா. நேத்துல இருந்து காப்பி தொடல. மாத்திரை ஒண்ணும் போடல" என்றான்.

"எதுக்குலே? நான் பத்தாதா?"

"பத்தாதுன்னு இல்லக்கா. போன தடவை மாதிரி ஆச்சுன்னா..." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஞ்சின் ஓரத்தில் சிவப்பு ஊறி வந்துகொண்டிருந்தது. அவன் அமுக்கிப் பிடித்துத்தான் இருந்தான்.

ஃபெமினாவுக்கு எதற்கென்று தெரியாமல் எரிச்சல் வந்தது. "குடு, குடு. மூணாவதா அதுவும் கெடக்கட்டும்" என்றாள்.

மூன்று பேரின் குழாய்களையும் கம்பளித் துணியில் சுற்றி, ஸ்வெட்டருக்கு உள்ளே வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவள் கோகுல்ராஜின் வண்டியில் ஏறினாள். அன்று மேகம் இல்லை. வெயில் சுள்ளென்று விழுந்தது. மரம் விழவில்லை, யானை வரவில்லை, வத்தலக்குண்டு வரைக்கும் ஒரு லாரிகூட வழிமறிக்கவில்லை. வயிற்றில் குழாய்கள் இதமான சூட்டோடு இருந்தன. இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைக் கண்ணாடியில் பார்த்து, "நீங்களும் மாசமா இருக்கற மாதிரியில்ல இருக்கு" என்றான் கோகுல்ராஜ். போன வாரம் வாங்கிய திட்டுக்கு அவனுக்கு அந்த அளவு உரிமை உண்டு. ஃபெமினா சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. வழியில் தடங்கல் ஒன்றாவது வரக் கூடாதா என்று தன் மனசு எதிர்பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் குழாய்களை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

மதுரையில் அவளைக் காத்திருக்கச் சொன்னார்கள். ஸ்வெட்டரைக் கழற்றினால் பஞ்சு தெரியும் என்று அந்தப் புழுக்கத்திலும் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் போல டாக்டர் சண்முகப்பிரியா உள்ளே கூப்பிட்டார். சின்ன வயசுப் பெண். பேசுவதற்கு முன் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். கணினித் திரையில் மூன்று கோடுகள் இருந்தன.

"இது ஜெபக்குமாரோடது. பாருங்க, மருந்து விட்டதும் ஏறி, மேலயே நிக்குது. தட்டணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடைச்சிருச்சுன்னு அர்த்தம். ரொம்ப நல்லா வந்திருக்கு. அதனால சாம்பிள் வந்த வழியில எந்தத் தப்பும் இல்ல."

அடுத்த இரண்டு கோடுகளும் ஏறத்தான் ஏறின. பாதி ஏறி, அங்கே நிற்க முடியாமல், பாரம் தாங்காத லாரி மலைப்பாதையில் பின்னுக்கு உருளுவதுபோல் திரும்ப இறங்கியிருந்தன. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் பொருந்திவிடும் போலிருந்தது.

"ஒண்ணு பேஷன்ட். இன்னொண்ணு நீங்க கன்ட்ரோல்னு அனுப்பினது. அது யாரும்மா?"

"நாந்தான் டாக்டர்."

"வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"தொடவே இல்ல."

"பேஷன்ட் உங்களுக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி. கூடப்பொறந்த தங்கச்சி."

டாக்டர் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "கூடப் பிறந்தவங்களைக் கன்ட்ரோலா வைக்கவே கூடாதும்மா" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. அதட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

பிறகு அவர் விளக்கினார். பிறவியிலேயே வருவது. குடும்பத்தில் இறங்குவது. அன்றாடம் பெரிதாகத் தொந்தரவு தராது; அடிபட்டால், பல் பிடுங்கினால், பிள்ளை பெற்றால்தான் முகத்தைக் காட்டும். லீலாவுக்கு நஞ்சுக்கொடி வேறு கீழே இருக்கிறது. பிரசவம் மலையில் நடக்கக் கூடாது. இப்போதே மெதுவாகக் கீழே கொண்டுவந்து, பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து, பிளேட்லெட் கையில் தயாராக இருக்கும்போதுதான் தொடவேண்டும்.

"அது இருக்கு டாக்டர். எனக்கும் பி நெகட்டிவ்..." என்று ஃபெமினா ஆரம்பித்தாள். பழகிய வாய். பாதியிலேயே அவளுக்குக் கேட்டது தான் என்ன சொல்கிறோம் என்று.

"உங்களோடது அவங்களுக்கு உதவாதும்மா" என்றார் டாக்டர். "வெளிய ஆள் தேடணும். அந்த க்ரூப் கிடைக்கிறது சிரமம், ஆனா தேடலாம். அம்மா இருக்காங்களா?"

"இல்ல. தங்கச்சி பொறந்தப்பவே..."

"எப்படி இறந்தாங்க?"

ஃபெமினா வாயைத் திறந்தாள். இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் ஒரே பதில்தான். மேகம் எறங்கிருச்சு. ஜீப் நகரல. அந்தப் பதில் நாக்கு வரைக்கும் வந்தது. திரையில் இருந்த இரண்டு கோடுகளைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றுவிட்டது.

வண்டி வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தது. கோகுல்ராஜ் இறங்கிக் கதவைத் திறந்தபோது, "அன்னிக்கு ஒன்னைய வஞ்சது தப்புடா தம்பி. ஒம்மேல ஒண்ணும் இல்ல" என்றாள். அவன் அதை மன்னிப்பாக எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனான்.

அட்டுவம்பட்டியில் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. ஆரோக்கியதாஸ் கடைசி ஜன்னலைச் சாத்திவிட்டுக் கணப்புக்கு அருகில் உட்கார்ந்தார். லீலா கட்டிலில் இடதுபுறமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். உள்ளே வந்த ஃபெமினாவின் முகத்தைப் பார்த்ததுமே இருவருக்கும் தெரிந்துவிட்டது, எதுவோ சரியில்லை என்று. சரியில்லாத எதற்கும் அந்த வீட்டில் காரணம் தயாராக இருந்தது.

"இன்னிக்கும் கெடுத்துருச்சா?" என்றார் அப்பா. "இங்க வெயிலடிச்சா கீழ வழியில எறங்கியிருக்கும். அத நம்பக் கூடாது."

"இன்னொரு தடவை எடுத்துக்கலாம்க்கா" என்றாள் லீலா. "நீ மொதல்ல காப்பியக் குடி."

ஆமாம் என்று சொன்னால் போதும். குளிர் பட்டுவிட்டது, அடுத்த வாரம் பார்ப்போம் என்றால் இன்று இரவு இந்த வீட்டில் எல்லாரும் தூங்குவார்கள். ஃபெமினாவுக்கு அப்படிச் சொல்ல அவ்வளவு ஆசையாக இருந்தது. லீலாவின் வயிறு போர்வைக்கு மேலே தெரிந்தது. ஃபெமினா அப்பாவின் எதிரில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"மேகம் ஒண்ணும் பண்ணலப்பா. ரத்தம் நல்லபடியாத்தான் போய்ச் சேந்துச்சு. ரத்தமே அப்படித்தான். அவளுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான்." பிறகு மெதுவாக, "அம்மாவுக்கும் மேகம் ஒண்ணும் பண்ணல" என்றாள்.

ஆரோக்கியதாஸ் புரியாதவர்போல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேகத்தைத் திட்டித்தான் அவர் இத்தனை காலம் நிமிர்ந்து நடமாடினார். அதைப் பிடுங்கிக்கொண்டால் மனிதர் எதைத் திட்டுவார்?

"அப்ப ஜீப்பு நிக்காமப் போயிருந்தாலும்...?"

"போயிருந்தாலும் தாங்கியிருப்பாளான்னு தெரியலப்பா. என்னன்னு கீழயும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப நமக்குத் தெரிஞ்சிருக்கு. அதனால நாளைக்கு வெள்ளனே இவளக் கீழ கொண்டுபோறோம். மெதுவா, படுக்க வச்சு. துணியெல்லாம் எடுத்து வைக்கணும்."

லீலா எழுந்து உட்காரப் பார்த்தாள். அவள் அக்காவின் சொற்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. எந்தச் சொல்லில் வந்து நிற்பாள் என்று ஃபெமினாவுக்கும் தெரியும்.

"ஒனக்கும் அப்படித்தான்னா..." என்றாள் லீலா. "அப்ப எனக்கு யாருக்கா இருக்கா?"

வெளியே ஆள் தேடுவோம், ஜெபக்குமார் எல்லாப் பக்கமும் ஃபோன் போடுவான் என்று ஃபெமினா என்னென்னவோ சொல்ல நினைத்தாள். ஏதாவது செய்யவேண்டுமே என்று ஸ்வெட்டரை இழுத்துக் கழற்றினாள். காலையில் ஜெபக்குமார் ஒட்டிய பிளாஸ்திரி கம்பளியோடு சேர்ந்து உரிந்து வந்தது. முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு உருண்டு எழுந்து, கை வழியே கோடாக ஓடியது. சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் கட்டியிருந்தது.

ஆரோக்கியதாஸ் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தன் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தார். இதற்கு முன் இப்படி ஒரு கையைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்திருந்தவர் அவர். லீலாவும் நகர்ந்து வந்து, அப்பாவின் விரல்மேல் தன் விரலை வைத்தாள். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை, மூன்று பேரும் மங்கள வார்த்தை சொல்லத் தொடங்கினார்கள். ஒன்றையும் விழுங்காமல், நிறுத்தி நிதானமாகச் சொன்னார்கள்.

பத்தும் சொல்லி முடிந்தது. விரலை எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை.